ராத்திரி பத்து மணி ரீடிங்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி வரைக்கும் அந்த வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. பால் பொங்கி வழியவில்லை, போன் அடிக்கவில்லை, யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. ஹால் சோபாவில் படுத்திருந்த டீச்சர் அதை நினைத்து, யாருக்கென்று தெரியாமலேயே ஒரு நன்றியைச் சொல்லிவிட்டு மறுபக்கம் புரண்டு படுத்தாள்.

பின்னே என்ன? போன இரண்டு வாரமாகப் பட்ட பாடு ஒரு வருஷத்துக்குத் தாங்கும். ஆஸ்பத்திரி லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே ஸ்ட்ரெச்சரோடு நின்றுபோனது, அதைச் சரிசெய்யப் போன அவள் கணவர் ஐந்தாம் நாள் காய்ச்சலோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது, செவ்வாய்க்கிழமை விடியற்காலை அவர் விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் தொண்ணூற்று மூன்று என்று காட்டியது, கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வந்து நிற்பதற்குள் எண் தானாகவே ஏறியது, இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அதற்குப் பிறகு எண் தொண்ணூற்று ஆறுக்குக் கீழே இறங்கவில்லை. இன்று பத்தாம் நாள். இன்னும் நாலு நாள் ஓடிவிட்டால் வெள்ளிக்கிழமை காலை அந்தக் கதவு திறக்கும்.

ஊரே முழு அடைப்பில் இருந்தது. கடை இல்லை, பஸ் இல்லை. மற்ற நாளாக இருந்தால் டீச்சர் இந்நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முகம் காட்டாத நாற்பது கறுப்புக் கட்டங்களுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள். இன்று அதுவும் இல்லை. சும்மா இருப்பது என்று ஒரு வேலை இருந்தால், அதை இன்று ஒழுங்காகச் செய்வது என்று முடிவு செய்திருந்தாள்.

"மணி ஒன்பது பத்து. டிபன் பத்து நிமிஷம் லேட்."

குரல் கணவரின் அக்காவுடையது. டீச்சருக்கு அண்ணி. பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று இருபத்தெட்டு வருஷமாக எழுதிக்கொண்டிருப்பவள். கண்ணாடி மாற்றிக்கொண்டு போகலாம் என்று இரண்டு நாளைக்கு வந்தாள். கண்ணாடி கிடைத்த அன்றைக்கே ஊரை மூடிவிட்டார்கள். மூன்று மாசமாகிறது.

வந்த முதல் வாரமே ஃபிரிட்ஜ் கதவில் டியூட்டி சார்ட் ஒட்டிவிட்டாள். டீ காலை ஆறு, மதியம் மூன்று, டிபன் ஒன்பது, பாத்திரம் இன்னார், துடைப்பம் இன்னார். எட்டு மணிக்கு டிவி ரிமோட் அவள் மடிக்குப் போனால் ராத்திரி வரைக்கும் இறங்காது. இந்த மூன்று மாசத்தில் டீச்சர் தான் பார்க்க நினைத்த ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே அண்ணி?"

"வயித்துக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா?" என்று அண்ணி சேனலை மாற்றிக்கொண்டே கேட்டாள்.

பத்து மணிக்கு டீச்சர் போனில் 'டிங்' என்றது. படுக்கையறையிலிருந்து குடும்ப குரூப்புக்கு வழக்கமான படம்.

அது என்ன படம் என்று சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர் லிஃப்ட் மெக்கானிக். காய்ச்சலும் கையுமாக உள்ளே போனபோது, கையில் கிடைத்த காகிதம் கம்பெனியின் பராமரிப்பு ஷீட் கட்டு ஒன்றுதான். ஒரு நாளைக்கு ஒரு ஷீட். 'மோட்டார் சூடு' என்ற இடத்தில் காய்ச்சலை எழுதுவார். 'சத்தம்' என்ற இடத்தில் இருமல். 'லோடு' என்ற இடத்தில் ஆக்சிஜன். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, ராத்திரி பத்து என்று ஐந்து வேளை எழுதி, ஒவ்வொரு வேளையும் படம் எடுத்து அனுப்புவார்.

டீச்சர் அரைக்கண்ணால் பார்த்தாள். பத்து மணி: மோட்டார் சூடு 98.2, சத்தம் இல்லை, லோடு 97. ஒரு இதயப் படத்தை அனுப்பிவிட்டு மறுபடி சோபாவில் சாய்ந்தாள். அவ்வளவு சுகமான சோம்பலை அவள் அனுபவித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அண்ணி எதையோ தேடிச் சேனல் சேனலாகத் தாவிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயசு மகள் தரையில் குப்புறப் படுத்து, டைல்ஸில் விரலால் எதுவோ வரைந்துகொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு ஸ்பீக்கர் என்று பேர். அவள் காதில் விழுந்தது தெரு முழுக்க விழும்.

பன்னிரண்டு மணிக்கு அண்ணி டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். அவள் சத்தத்தைக் குறைப்பதே அதிசயம். தன் போனைக் கண்ணுக்கு அருகே வைத்து, படத்தை விரலால் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்."

"சொல்லுங்க அண்ணி."

"இப்ப மணி என்ன?"

"பன்னெண்டு."

"ராத்திரி பத்து மணிக்கு இவனுக்குத் தொண்ணூத்தாறு இருக்கப்போகுதுன்னு இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

டீச்சர் எழுந்து உட்கார்ந்தாள். போனை வாங்கிப் பார்த்தாள். மற்ற நாளெல்லாம் ஷீட்டின் கீழ்ப்பாதியை மடித்துவைத்துத்தான் படம் எடுப்பார். இன்று மடிக்க மறந்திருக்கிறார். பத்து மணிக்குக் கீழே மதியம் இரண்டு இருந்தது, மாலை ஆறு இருந்தது, ராத்திரி பத்தும் இருந்தது. மூன்றுக்கும் நேராக எண்கள் அழகாக உட்கார்ந்திருந்தன.

"டிரிப் ஷீட்டை வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுக்கற டிரைவர் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்" என்றாள் அண்ணி. "எல்லாம் ஒரே பேனா, ஒரே மூச்சுல எழுதினது. நேத்து ஷீட்டும் அப்படித்தான் இருக்கு பாரு."

டீச்சர் பழைய படங்களைப் புரட்டினாள். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றாறு. திரும்பவும் அதே நாலு. திரும்பவும் அதே நாலு. வகுப்பில் எந்தப் பிள்ளையாவது இப்படி எழுதிக்கொண்டு வந்தால் ஒரே பார்வையில் பிடித்துவிடுவாள். புருஷன் எழுதியதற்கு இதயம் அனுப்பியிருக்கிறாள்.

அப்படியானால் உண்மையான எண் என்ன? இரண்டு நாளாக அவருக்கு எவ்வளவு? செவ்வாய்க்கிழமை விடியற்காலை கேட்ட அந்த மூச்சுச் சத்தம் அவள் காதில் மறுபடி ஓடியது.

கதவை இரண்டு முறை தட்டினாள்.

"என்னங்க. ஆக்ஸிமீட்டரைப் போட்டு இப்ப எவ்வளவுன்னு சொல்லுங்க."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "பத்து மணிக்குத்தானே அனுப்பினேன்?"

"ராத்திரி பத்து மணிக்கு உள்ளதையும் சேர்த்து அனுப்பியிருக்கீங்க."

உள்ளே காகிதத்தை எடுத்துப் பார்க்கும் சத்தம். பிறகு, "ஓ" என்று ஒரே ஒரு எழுத்து.

"சொல்லுங்க."

"பேட்டரி தீந்துபோச்சும்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ கிளம்பிடுவ. சனி ஞாயிறு கடை கிடையாது. ஆஸ்பத்திரி மருந்துக் கடை ஒண்ணுதான். அங்க போய் வரிசையில நிப்ப. நான் எங்கேர்ந்து இந்தக் காய்ச்சலை வாங்கிட்டு வந்தேனோ அதே இடம். உன்னை அங்க அனுப்பிட்டு நான் உள்ள எப்படிப் படுக்கறது?"

"அதுக்காகப் பொய் எழுதுவீங்களா?"

"பொய் இல்ல. எனக்கு நல்லா இருக்குன்னு தெரியும். லிஃப்ட் நல்லா ஓடுதுன்னா சத்தத்தை வச்சே சொல்லிடுவோம். மாசக் கடைசியில ஒரு டீயைக் குடிச்சிட்டு நாலு வாரத்து ஷீட்டையும் உக்காந்து எழுதுவோம். எல்லாரும் அப்படித்தான்."

"நீங்க லிஃப்ட் இல்ல."

உள்ளே கட்டில் மறுபடி கிறீச்சிட்டது.

"அந்த நம்பரைப் பாத்துட்டுத்தான் ரெண்டு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன்" என்றாள் டீச்சர். குரல் அவளுக்கே அடங்கவில்லை. "நீங்களா எழுதின நம்பரை நம்பித் தூங்கியிருக்கேன்."

உள்ளிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. "நான் ஒண்ணு பண்றேன், கேளு. நானே கண்டுபிடிச்ச டெஸ்ட்டு. ஒரே மூச்சுல மாடி எண்ணுவேன். தரையிலிருந்து. செவ்வாய்க்கிழமை மூணாவது மாடியில நின்னுட்டேன். இப்பக் கேளு." இழுத்து ஒரு மூச்சு. "தரை, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

ஸ்பீக்கர் ஓடிவந்து கதவில் காது வைத்தாள். எண்ணிக்கை பத்தைத் தாண்டியது, பதினைந்தைத் தாண்டியது. இருபதில் கொஞ்சம் தேய்ந்தது. "இருபத்திரெண்டு, இருபத்துமூணு" என்று முடித்துவிட்டு அவர் மூச்சு விட்டார்.

"அப்பா, நம்ம ஊர்ல அவ்வளவு பெரிய கட்டடமே இல்ல" என்றாள் ஸ்பீக்கர்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சமாதானம் வரவில்லை. மாடிக் கணக்கு அவளுக்குப் போதாது. அவளுக்கு எண் வேண்டும், அதுவும் மெஷின் சொன்ன எண்.

வீடு முழுக்கத் தேடினார்கள். சுவர்க் கடிகாரத்தில் இருந்தது குண்டு பேட்டரி. மகளின் பழைய பொம்மைக் காரில் இருந்தது துருப்பிடித்து வழிந்திருந்தது. ஆக்ஸிமீட்டருக்கு வேண்டியது ஒல்லியான பேட்டரி, இரண்டு. டீச்சர் முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். செருப்பைத் தேடினாள்.

"எங்க கிளம்பற?"

"மருந்துக் கடைக்குத்தான் அண்ணி."

அண்ணி எழுந்து வந்தாள். கையிலிருந்த ரிமோட்டைத் திருப்பி, பின்மூடியைக் கட்டை விரலால் தள்ளி, இரண்டு ஒல்லிப் பேட்டரிகளை எடுத்து டீச்சர் உள்ளங்கையில் வைத்தாள். உயிர் போன ரிமோட்டை டிவி மேல் வைத்துவிட்டு, "டிவி என்ன ஓடிப்போகவா போகுது?" என்றாள்.

டிவி ஓடிப்போகவில்லை, நின்ற சேனலிலேயே நின்றது. டிவிப் பெட்டியின் பட்டன் உடைந்து வருஷக்கணக்காகிறது. அந்தச் சேனலில் புரியாத பாஷையில் ஒரு கிழவர் மரப்படகு செய்துகொண்டிருந்தார்.

படுக்கையறை ஜன்னல் வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் திறக்கும். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய் வருகிறவனுக்கு வீடாவது தரையில் இருக்கட்டும் என்று மெக்கானிக் பிடிவாதமாகத் தரைத்தளத்தில் பிடித்த வீடு அது. அந்தப் பிடிவாதத்துக்கும் டீச்சர் இன்று நன்றி சொன்னாள். பேட்டரியைச் சின்னப் பையில் போட்டு, துணி கிளிப்பால் மாப் கட்டையின் நுனியில் மாட்டி, தள்ளி நின்று ஜன்னல் கம்பி வழியே நீட்டினாள்.

அவர் வந்து எடுத்துக்கொண்டார். பத்து நாளாகப் போனில் சின்னக் கட்டமாகப் பார்த்த முகம். நேரில் கன்னம் ஒட்டியிருந்தது, தாடியில் பாதி நரைத்திருந்தது. அந்த நரையை அவள் போனில் பார்க்கவே இல்லை.

"மாட்டுங்க" என்றாள்.

மாட்டினார். சிவப்பு எண் மின்னி மின்னி நின்றது. அவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "நீ படிச்சது போதும். இந்தப் பக்கம் திருப்பு."

திருப்பினார். அண்ணி புதுக் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தாள். டீச்சரும் பார்த்தாள்.

தொண்ணூற்று ஒன்று.

ஆம்புலன்ஸ் நம்பர் டீச்சருக்கு மனப்பாடம், ஆனால் போன் உள்ளே மேஜை மேல் இருந்தது. "போனை எடு, போனை எடு" என்று பின்னால் நின்ற மகளிடம் சொல்ல வாயைத் திறந்தாள்.

"டேய் தம்பி" என்றாள் அண்ணி, அவசரமே இல்லாமல். "இப்ப என்ன பண்ணிட்டு வந்த?"

"ஒண்ணும் பண்ணலக்கா. தட்டு கழுவினேன்."

"பச்சைத் தண்ணியிலயா?"

"ஆமா."

"விரலைக் கன்னத்துல வச்சுப் பாரு. ஜில்லுன்னு இருக்கா?"

"இருக்கு."

"நல்லாத் துடைச்சிட்டு ரெண்டு கையையும் அக்குள்ல வச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்காத." பிறகு டீச்சரிடம் திரும்பினாள். "குளிர்காலத்துல டிப்போவில கைரேகை மெஷின் ஒருத்தன் விரலையும் ஏத்துக்காது. எல்லாரையும் இப்படி நிக்க வச்சுத்தான் உள்ள விடுவேன். சில்லிட்ட விரல்ல எந்த மெஷினும் ஒழுங்காப் பேசாது. பயப்படாத."

மெக்கானிக் ஜன்னலுக்குப் பின்னால் இரண்டு கையையும் அக்குளில் செருகி, தண்டனை வாங்கிய பையன் போல நின்றார். அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். மூன்று நிமிஷம். டீச்சரின் ஆயுளிலேயே நீளமான மூன்று நிமிஷம் அதுதான்.

"இப்பப் போடு."

தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று ஐந்து. எண் ஏறியது, ஒரு கணம் நின்றது, மறுபடி ஏறியது. தொண்ணூற்று ஏழு. அதற்குப் பிறகு அசையவே இல்லை.

டீச்சர் அழுதாள். முகக்கவசத்துக்குள் அழுவது எவ்வளவு சங்கடம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டாள். மூக்கையும் துடைக்க முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை.

"உங்க மேல எனக்குக் கோபம்" என்றாள்.

"தெரியும்."

"ரெண்டு நாளைக்கு இருக்கும்."

"இருக்கட்டும். கோபப்பட நீ இருக்கியே, அது போதும் எனக்கு" என்றார் அவர். சொல்லும்போது அவர் கண்ணும் நிறைந்திருந்தது.

"இனிமே நடக்காத டிரிப்பை ஷீட்டுல எழுதாத" என்றாள் அண்ணி. "பொய் எழுதினா அந்த டிரைவரை நான் ஒரு வாரம் உக்கார வைப்பேன். உன்னை ஏற்கனவே உக்கார வச்சாச்சு." சொல்லிவிட்டு, மாப் கட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குத்தான் நடந்தது. சார்ட்டில் ஒரு மணி என்று இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் படகு செய்கிறவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வேறு வழி இல்லை. அவர் ஒரு பலகையை வளைத்தார். அரை மணி நேரம் அதையே வளைத்தார். பேசிய பேச்சு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவசரம் இல்லாத குரல் என்பது மட்டும் தெரிந்தது. டீச்சருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மூன்று மாசத்தில் அவள் முழுசாகப் பார்த்த முதல் நிகழ்ச்சி.

மூன்று மணி ஆயிற்று, டீ நேரம். அண்ணி எழவில்லை. திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

ஸ்பீக்கர் நகர்ந்து வந்து அம்மாவின் காதருகே குசுகுசுத்தாள். அவளுக்குக் குசுகுசுக்கத் தெரியும் என்பதே புதுச் செய்தி.

"அம்மா, ஒரு ரகசியம். நான் சொல்லல. நீங்களாத் தெரிஞ்சுக்கிட்ட மாதிரி வச்சுக்கணும்."

"சொல்லித் தொலை."

"அத்தைக்கு ஊருக்குப் போக பாஸ் வந்துடுச்சு."

"எப்ப?"

"அப்பா ரூமுக்குள்ள போனாரே, அந்த வெள்ளிக்கிழமை. நான்தானே அவங்க போன்ல ஃபார்ம் போட்டேன். ஒரு வாரத்துல போகலைன்னா செல்லாதுன்னு போட்டிருந்துது. அத்தை போகல. திரும்பப் போடச் சொன்னாங்க. அதுவும் வந்துடுச்சு. வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான். மூணாவது தடவை குடுக்க மாட்டாங்களாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க."

"பத்து நாளா உன் வாயில இது நின்னுதா?"

"கஷ்டமாத்தாம்மா இருந்துது."

அதே வெள்ளிக்கிழமை டீச்சர் படுக்கையறைக் கதவருகே நின்று, போனில் தாழ்ந்த குரலில் கணவரிடம் புலம்பியது ஞாபகம் வந்தது. 'நீங்க வேற உள்ள போய்ட்டீங்க, இவங்க வேற இங்க. அந்தப் பாஸ் வந்து தொலைய மாட்டேங்குது.' அப்போது அண்ணி ஃபிரிட்ஜ் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கேட்டிருப்பாள். கேட்டும் போகாமல் இருந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை விடியற்காலை இந்தக் கதவுக்கு வெளியே தரையில் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விடிகிற வரைக்கும் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை யாருடையது? அங்கே ஊரில் தன் புருஷன் தனியாகச் சோற்றைத் தினம் அடிப்பிடிக்க விட்டுக்கொண்டிருக்க, இங்கே இருந்தவள் அண்ணி.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்று நெஞ்சை நிறைத்துக்கொண்டு வந்தது. இப்படி ஒருத்தி தனக்கு வாய்த்தாளே என்று இருந்தது. மெல்ல எழுந்து போய், அண்ணியின் மூக்கு நுனியில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

ஆறு மணிக்குப் படம் வந்தது. லோடு 96. அதற்குக் கீழே ராத்திரி பத்துக்கு நேராக வெறும் வெள்ளை. அந்த வெள்ளையை டீச்சர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவறிப்போன டீயைப் போட அடுப்படிக்குப் போனவள் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றாள். அண்ணி இந்த வாரத்துச் சார்ட்டை எழுதி ஒட்டியிருந்தாள். கடைசி வரி வெள்ளிக்கிழமை. 'காலை 6.00: கதவு திறப்பு.' மற்ற எல்லா வேலைக்கும் நேராக ஆள் இருந்தது. அந்த ஒன்றுக்கு நேராக மட்டும் காலியாக இருந்தது.

விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தக் காலி இடத்தில் 'அண்ணி' என்று எழுதினாள்.

"டீச்சர்." அண்ணி தூக்கக் கலக்கத்தோடு கண்ணாடியை மாட்டியபடி பின்னால் நின்றாள். சார்ட்டைப் படித்தாள். ஸ்பீக்கரை ஒரு பார்வை பார்த்தாள். ஸ்பீக்கர் டிவிக்குள் புகுந்துவிடுகிறவள் மாதிரி, மறுஒளிபரப்பில் வந்த படகைப் பார்த்தாள்.

"நடக்காத டிரிப்பை எழுதக் கூடாதுன்னு மதியம்தானே சொன்னேன்" என்றாள் அண்ணி.

"இது டிரிப் ஷீட் இல்ல அண்ணி. டியூட்டி சார்ட். இதை முன்னாடியே எழுதலாம்."

மேஜை மேல் அண்ணியின் போன் அடித்தது. மணி ஆறரை. தினமும் இந்நேரம் கூப்பிடுகிறவர் அவள் புருஷன்.

"நீயே எடுத்துப் பேசு" என்றாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கேன்னு நான் சொன்னா அவர் நம்ப மாட்டார்."

டீச்சர் போனைக் காதில் வைத்தாள். "அண்ணா, நான்தான் பேசறேன். அண்ணி வந்து..."

"நீயாம்மா? நல்லதாப் போச்சு" என்றார் அவர். அந்தக் குரலில் அத்தனை சந்தோஷத்தை அவள் இதற்கு முன் கேட்டதில்லை. "வண்டி கிடைச்சிடுச்சு. வியாழக்கிழமை காலையில உங்க வீட்டு வாசலுக்கே வந்துடும். நானும் அந்த வண்டியிலயே வரேன். மூணு மாசமாச்சு அவளைப் பார்த்து. தயாரா இருக்கச் சொல்லு, என்ன?"

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். அண்ணி ஃபிரிட்ஜ் முன்னால் நின்று, கோணலாக இருந்த அந்தச் சிவப்பு எழுத்தின் மேல் தன் நீலப் பேனாவால் அழுத்தி எழுதிக்கொண்டிருந்தாள்.